சனிக்கிழமைன்னு சொன்னேன்

"இதை நீங்க எப்ப பாத்தீங்க?"

2021 மார்ச் 11, வியாழக்கிழமை சாயங்காலம். கொரோனா நேரம், எல்லாரும் வீட்டுல இருந்துதான் வேலை. பிரஸ்ஸல்ஸ்ல என் வீட்டுச் சமையக்கட்டு மேசைல லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஒரு வீடியோ கால்ல உக்காந்திருக்கேன், பத்துப் பதினஞ்சு அமைப்புகளோட செக்யூரிட்டி ஆளுங்க அதுல இருக்காங்க. கேட்டது ஒரு போர்ச்சுகல்காரப் பொண்ணு, எங்களை மாதிரியே வேற ஒரு அமைப்புல இன்சிடென்ட் பாக்குறவங்க. கோவமா கேக்கல, குத்திக்காட்டவும் இல்ல, தன்னோட டைம்லைன்ல காலியா இருந்த ஒரு கட்டத்தை நிரப்பணும், அதுக்காகக் கேட்டாங்க. நான் "சனிக்கிழமை"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் வாயத் திறக்கல. அப்புறம் அவங்க "சரி, தேங்க்ஸ்"னு சொல்லிட்டு எழுதிக்கிட்டாங்க. அவ்ளோதான். ஆனா அந்த "சரி" இன்னிக்கு வரைக்கும் என்னை விடல, அதான் இதை எழுதுறேன்.

ஐரோப்பாவுல சைபர் தாக்குதல் வந்தா அமைப்புகள் எப்படி ஒண்ணுக்கொண்ணு உதவிக்கணும்னு சட்டம் இருக்கு, ஏஜென்சி இருக்கு, ஒத்திகை இருக்கு, நெட்வொர்க் இருக்கு, அந்த நெட்வொர்க்குக்கு மேல இன்னொரு நெட்வொர்க் இருக்கு. இதையெல்லாம் பத்தி நிறையப் பேர் நல்லா எழுதியிருக்காங்க. எனக்குச் சொல்ல இருக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். பாதி தெரிஞ்ச ஒண்ணைப் பாதி தெரிஞ்ச நிலைலயே அடுத்தவங்ககிட்ட சொல்ல மனுஷனுக்கு ஏன் இவ்ளோ கஷ்டமா இருக்குங்கறதுதான் அது.

அந்த சனிக்கிழமை

எக்ஸ்சேஞ்ச்னா மைக்ரோசாஃப்டோட மெயில் சர்வர் மென்பொருள். அதோட கதை இந்தத் துறைல இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமாவே சொல்றேன். 2021 மார்ச் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திருக்காம அவசரமா பேட்ச் விட்டுச்சு. நாலு ஓட்டை, நாலையும் கோத்தா பாஸ்வேர்டே இல்லாம மெயில் சர்வருக்குள்ள பூந்துடலாம். முதல்ல ஹாஃப்னியம்னு ஒரு கும்பல் பேரு அடிபட்டுச்சு, ஒரு வாரத்துல பத்துக்கு மேல கும்பல்கள் அதையே பயன்படுத்துறதா ஈசெட் கம்பெனி சொன்னாங்க, 115 நாட்டுக்கும் மேல 5,000த்துக்கு அதிகமான சர்வர்கள்ல வெப்ஷெல் இருக்கிறதாவும் சொன்னாங்க. வெப்ஷெல்னா அவங்க உள்ள வச்சுட்டுப் போற ஒரு சின்ன ஃபைல், அதைக் கூப்பிட்டா போதும், சர்வர் அவங்க சொன்னதைச் செய்யும். பேட்ச் போட்டா கதவு சாத்திக்கும், ஆனா உள்ள ஏற்கனவே ஒளிஞ்சிருக்கிறவனை அது வெளிய தள்ளாது. இந்த ஒரு விஷயம் நிறையப் பேருக்கு அந்த வாரம் புரியவே இல்ல.

நாங்க ஒரு நடுத்தர அளவுப் பொது அமைப்போட மெயில் சர்வரைப் பாத்துக்கிட்டு இருந்தோம், பேரு வேண்டாம். எங்க கம்பெனியோட முதல்கட்ட ஆளுங்க சென்னைல, ஷிஃப்ட் போட்டு 24 மணி நேரமும் அலர்ட் பாப்பாங்க, அவங்க தள்ளிவிடுறது எனக்கு வரும். சனிக்கிழமை காலைல இங்க ஏழு மணி, சென்னைல பதினொன்றரை. ஒரு தம்பி ஃபோன் பண்ணான்.

"அண்ணே, ஒரு ஃபைல் கொஞ்சம் வித்தியாசமா இருக்குண்ணே. கன்ஃபார்ம் இல்ல. அதான் டிக்கெட் போடாம உங்களுக்குக் கூப்பிட்டேன்."

"எப்ப பாத்த?"

"ஒம்போது மணிக்கேண்ணே. கன்ஃபார்ம் பண்ணிட்டு சொல்லலாம்னு பாத்தேன்... தப்பாயிருந்தா உங்களை சனிக்கிழமை எழுப்பின மாதிரி ஆயிடும்ல."

ரெண்டரை மணி நேரம். அவனை நான் திட்டல, ஆனா "இதையெல்லாம் உடனே சொல்லணும்டா"ன்னு பெரிய மனுஷன் மாதிரி ஒரு அட்வைஸ் பண்ணேன். அந்த அட்வைஸை நினைச்சாலே இப்ப வயித்தைக் கலக்குது.

ஃபைலைத் திறந்து பாத்தேன். வெப்மெயில் லாகின் பக்கம் இருக்கிற அதே ஃபோல்டர். அங்க சும்மாவே சில ஏஎஸ்பிஎக்ஸ் ஃபைல்கள் இருக்கும், அதுல உண்மையான ஒரு ஃபைலோட பேர்ல ஒரே ஒரு எழுத்தை மாத்தி இது உக்காந்திருந்துச்சு. கண்ணு அதைத் தாண்டிப் போயிடும், அப்படி ஒரு பேரு. உள்ள பாத்தா முக்காவாசி அட்ரஸ் புக் செட்டிங்ஸ், எக்ஸ்சேஞ்ச் தானே எழுதுற மாதிரியான வரிகள், நடுவுல வெளி யூஆர்எல்னு இருக்கிற இடத்துல மட்டும் யூஆர்எல்லுக்குப் பதிலா ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட். யாரு எதை அனுப்பினாலும் வாங்கி ஓட்டுன்னு சொல்ற வரி, அதுக்கு சாவியா ஒரு சொல். உருவான நேரம் மார்ச் 3, விடிகாலை. நாங்க பேட்ச் போட்டது மார்ச் 4. பூட்டு மாத்துறதுக்கு முந்தின நாளே ஆள் உள்ள வந்தாச்சு.

சர்வரைத் தனியா பிரிச்சோம், லாக் எடுத்தோம், மெமரி எடுத்தோம். மதியம் ரெண்டு மணிக்கு நான் மிஸ்ப்ல ஒரு ஈவென்ட், அதாவது இந்த சம்பவத்துக்குன்னு ஒரு பதிவு, ஆரம்பிச்சேன். மிஸ்ப் தெரியாதவங்களுக்காக: பெல்ஜியம் ராணுவத்துல 2011 வாக்குல ஆரம்பிச்சு, இப்ப லக்சம்பர்க்ல இருக்கிற சர்க்கிள் டீம் முன்னின்னு நடத்துற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. நம்மகிட்ட மாட்டின ஐபி, ஃபைல் பேரு, ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) எல்லாத்தையும் அதுல போட்டா, நம்மளோட பகிர்ந்துக்கிற மத்த டீம்களுக்கும் போயிடும், அவங்க சிஸ்டம் தானா தேடிப் பாத்துக்கும். நான் போட்டது மொத்தம் ஆறே வரி. ரெண்டு ஐபி, ஃபைல் பேரு, ஹாஷ், அந்த சாவிச் சொல், ஒரு யூசர் ஏஜென்ட். யாருக்குப் போகணும்ங்கிற இடத்துல "உங்க அமைப்பு மட்டும்". பப்ளிஷ் ஆச்சான்னு காட்டுற இடத்துல சிவப்புல "இல்லை". யாருக்குங்கறதை மாத்திட்டு பப்ளிஷ் பட்டனை அமுக்கினாத்தான் அது வெளிய போகும்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். "முழுசா தெரியாம எதையும் வெளிய விட வேண்டாம், கஸ்டமரோட லீகல் பாக்கணும், திங்கக்கிழமை பேசலாம்"னார். அவர் கெட்டவர் இல்ல, இதை அழுத்திச் சொல்லணும். எட்டு வருஷம் முன்னாடி ஒரு தப்பான அலர்ட்டை ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு அதுக்காகப் பதில் சொல்லிப் பதில் சொல்லி ஓஞ்சவர். எனக்கும் உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு. எதையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க, எத்தனை மெயில்பாக்ஸ், எந்தக் கும்பல், இது எதுக்குமே என்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாம பத்துப் பேர் முன்னாடி போய் நிக்கிறதுக்கு எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு.

பாரிஸ்ல இருந்து வந்த அறிக்கை

மறுநாள் ஞாயித்துக்கிழமை, மார்ச் 7. ஐரோப்பிய வங்கி ஆணையம், ஈபிஏ, பிரெக்ஸிட்டால லண்டன்ல இருந்து பாரிஸுக்கு மாறி வந்த அமைப்பு, தன்னோட எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் தாக்கப்பட்டிருக்குன்னு வெளிப்படையா ஒரு அறிக்கை விட்டுச்சு. மெயில்ல இருக்கிற தனிநபர் தகவல் அவங்க கைக்குப் போயிருக்கலாம், விசாரிச்சுக்கிட்டு இருக்கோம், முன்னெச்சரிக்கையா மெயில் சிஸ்டத்தை நிறுத்தி வச்சிருக்கோம்னு இருந்துச்சு. போயிருக்கலாம். போச்சுன்னும் சொல்லல, போகலன்னும் சொல்லல.

சோஃபால உக்காந்து அதைப் படிச்சப்ப எனக்குத் தோணினது என்ன தெரியுமா? 'இவ்ளோ அவசரப்பட்டிருக்க வேண்டாமே.' நிஜமா அதான் தோணுச்சு. வங்கிகளுக்கே ரூல் போடுற அமைப்பு, ஞாயித்துக்கிழமை, பாதி விவரத்தோட உலகத்துக்கு முன்னாடி வந்து நிக்கிறாங்களேன்னு. மறுநாள் திங்கக்கிழமை அவங்க ரெண்டாவது அறிக்கை விட்டாங்க. ஐரோப்பிய ஒன்றிய அமைப்புகளுக்கான சைபர் டீம் செர்ட்-ஈயுவோடயும் ஃபாரன்சிக் ஆளுங்களோடயும் சேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கோம், இதுவரைக்கும் தகவல் வெளிய போனதா அறிகுறி இல்லன்னு. செவ்வாய்க்கிழமை மூணாவது: பாதிப்பு குறைவு, தகவலோட ரகசியம் கெடல, மெயில் திரும்ப ஓடுது. எங்க மேனேஜர் திங்கக்கிழமை மீட்டிங்ல, "பாத்தியா, அவசரப்பட்டு ஊரைக் கூட்டிட்டு இப்ப ஒண்ணுமில்லங்கறாங்க"ன்னார். நானும் தலையை ஆட்டினேன். லீகல் படிச்சு, ரெண்டு வார்த்தை மாத்தி, செவ்வாய்க்கிழமை மதியம் என் ஆறு வரிக்கு சம்மதம் குடுத்தாங்க. பட்டனை அமுக்கினேன்.

வியாழக்கிழமை கால்ல அந்தப் பொண்ணு தன்னோட டைம்லைனை ஸ்கிரீன்ல காட்டினாங்க. மார்ச் 3 விடிகாலை அவங்க சர்வர்லயும் அதே ஃபைல், அதே ஒரு எழுத்து மாத்தின பேரு, அதே சாவிச் சொல். மார்ச் 4 பேட்ச். 5ஆம் தேதி எல்லா இடத்துலயும் தேடியிருக்காங்க, வெளிய வந்திருந்த லிஸ்ட்டுல இருக்கிற பேரை எல்லாம் வச்சுத் தேடியிருக்காங்க, இந்த ஃபைலோட பேரு அதுல இல்ல, கண்ணும் அதைத் தாண்டிப் போயிருச்சு. மார்ச் 8, திங்கக்கிழமை விடிகாலை மூணு மணிக்கு மேல அந்த ஃபைலை வச்சவன் திரும்ப வந்திருக்கான். அந்த ஃபைலைக் கூப்பிட்டு, மெமரில இருந்து பாஸ்வேர்ட் ஹாஷ் எடுத்து, மெயில் சர்வர்ல இருந்து அடுத்த சர்வருக்குத் தாவியிருக்கான். செவ்வாய்க்கிழமை மதியம் எங்க ஈவென்ட் வந்ததும் அவங்க சிஸ்டம் தானா தேடி அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருச்சு. அஞ்சு நிமிஷம். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

சனிக்கிழமை ரெண்டு மணிக்கு நான் பட்டனை அமுக்கியிருந்தா ரெண்டு அஞ்சுக்கு அவங்க கையில இருந்திருக்கும். அவன் திரும்பி வர்றதுக்கு அப்பவும் ஒன்றரை நாள் மிச்சம். எந்தக் கும்பல், எத்தனை மெயில்பாக்ஸ், எதுக்காக வந்தான், நான் பதில் தெரியாம கூச்சப்பட்ட இந்தக் கேள்வி எதுவும் அவங்களுக்குத் தேவையே படல. எதைத் தேடணும்னு மட்டும் தெரிஞ்சிருந்தா போதும், அந்த ஆறு வரி சனிக்கிழமையே என்கிட்ட முழுசா இருந்துச்சு. முழுசாயிருந்த விஷயத்தையும் முழுசாகாத விஷயத்தையும் ஒரே மூட்டையா கட்டி, மொத்தமும் முழுசாகட்டும்னு உக்காந்திருந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி ஈபிஏவோட அந்த மூணு அறிக்கையையும் திரும்ப எடுத்துப் படிச்சேன். நான் அவசரம்னு நினைச்சது, மேனேஜர் ஊரைக் கூட்டினதுன்னு சொன்னது, உண்மைல அவங்களுக்குத் தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லி, மறுநாள் திருத்தி, அதுக்கு மறுநாள் இன்னும் திருத்தினது. முதல் நாள் சொன்னதுக்கும் மூணாம் நாள் சொன்னதுக்கும் வித்தியாசம் இருக்குதேன்னு அவங்க வெக்கப்படல. அந்த தைரியம் என்கிட்ட இல்ல.

ரெண்டு டீம் சிபாரிசு

ஐரோப்பால இந்த ஒத்துழைப்பு எங்க ஆரம்பிச்சதுன்னு அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1990களோட கடைசில யூரோசெர்ட்னு ஒரு முயற்சி நடந்திருக்கு, ஐரோப்பா முழுக்க ஒரே மையம், எல்லாரும் அங்க சொல்லணும், அங்கயிருந்து எல்லாருக்கும் போகும். பேப்பர்ல பாத்தா அழகா இருக்கு. ஆனா அது ரெண்டு மூணு வருஷம்கூட நிலைக்கல. அதுக்குப் பதிலா 2000ல டிஎஃப்-சிசர்ட்னு சைபர் சம்பவங்களைப் பாக்குற டீம்களுக்காக ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஒரே மையம்னு எதுவும் கிடையாது, வருஷத்துல சில தடவை எல்லா டீமும் ஒரு ஊர்ல கூடிப் பேசுற ஏற்பாடு. அதோட சேர்ந்து வந்ததுதான் டிரஸ்டட் இன்ட்ரொட்யூசர்ங்கற பட்டியல். ஒரு புது டீம் அதுல பேரு சேக்கணும்னா ஏற்கனவே உள்ள இருக்கிற ரெண்டு டீம் சிபாரிசு பண்ணணும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப "அவங்க எப்படிப்பட்ட குடும்பம்"னு தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட விசாரிப்போமே, அதேதான்.

நான் ஒருதடவை அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போயிருக்கேன். சாப்பாட்டுக்கு முன்னாடி பெரியவங்க எல்லாம் பாஸ்போர்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வரிசைல நிக்கிறாங்க. எதிர்ல இருக்கிறவர் பாஸ்போர்ட்டைப் பாப்பார், மூஞ்சியைப் பாப்பார், ஒரு பேப்பர்ல இருக்கிற நீளமான எண்ணை எழுத்தெழுத்தா வாசிப்பாங்க, சரின்னா டிக், ஓரடி தள்ளி அடுத்த ஆள். என்கிரிப்ஷன் சாவியை ஒருத்தருக்கொருத்தர் நேர்ல சரிபாத்துக்கிறது. இந்தக் காலத்துல இவ்ளோ பழைய முறையான்னு முதல்ல நினைச்சேன். ஆனா அப்படி ஒருத்தர் மூஞ்சியை ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்துட்டா, ஆறு மாசம் கழிச்சு ராத்திரி பன்னண்டு மணிக்கு அவர்கிட்ட இருந்து "எனக்குச் சரியா தெரியல, ஆனா இதைக் கொஞ்சம் பாரு"ன்னு மெயில் வந்தா நம்ம நிச்சயம் பாப்போம். நம்மளும் அவருக்கு அப்படி அனுப்பலாம், சிரிக்க மாட்டார்னு தெரியும்.

2021 டிசம்பர்லயே இதைப் பெரிய அளவுல பாத்தேன். 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாக்குல லாக்ஃபோர்ஜேங்கற லைப்ரரில இருந்த ஓட்டை வெளிய வந்துச்சு, ஜாவால எழுதின பாதி உலகம் அதுக்குள்ள. தாக்குதல் எப்படின்னு எல்லாருக்கும் புரிஞ்சது, யார் யாரோட சாஃப்ட்வேருக்குள்ள அந்த லைப்ரரி இருக்குங்கறதுதான் ஒருத்தருக்கும் புரியல. நெதர்லாந்தோட தேசிய சைபர் செக்யூரிட்டி மையம் கிட்ஹப்ங்கற பொதுத் தளத்துல ஒரு பட்டியலைத் திறந்து வச்சாங்க, எந்த சாஃப்ட்வேர் பாதிக்கப்பட்டிருக்கு, எது இல்லன்னு. யார் வேணாலும் ஒரு வரி சேக்கலாம். ஐரோப்பால மத்த நாட்டு டீம்களும் அதை வச்சு வேலை பாத்தாங்க. அந்தப் பட்டியல்ல எனக்குப் புடிச்சது ஒரே ஒரு விஷயம். பாதிப்பு உண்டு, பாதிப்பு இல்ல, சரிபண்ணியாச்சுங்கறதோட "விசாரணைல இருக்கு"ன்னும் ஒரு நிலை வச்சிருந்தாங்க. தெரியலங்கறதுக்கே ஒரு இடம். நான் ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன சாஃப்ட்வேரை "விசாரணைல இருக்கு"ன்னு சேக்கச் சொல்லி அனுப்பினேன். ரெண்டு மணி நேரத்துல யாரோ ஒருத்தர், எந்த நாடுன்னுகூடத் தெரியாது, சரியான வெர்ஷன் நம்பரோட அதைத் திருத்திட்டார். நான் தனியா உக்காந்திருந்தா அந்த நம்பரைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆகியிருக்கும். அதே மாசம் பெல்ஜியம் பாதுகாப்பு அமைச்சகமே அந்த ஓட்டையால அடிவாங்கினதை வெளிப்படையா ஒத்துக்கிச்சு. யாரும் அவங்களைக் கேவலமா பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

யார் பண்ணாங்கங்கறது வேற கடிகாரம்

2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்ச அதே விடிகாலை, வயாசாட்டோட கேஏ-சாட் சாட்டிலைட் இன்டர்நெட்டை அடிச்சாங்க. உக்ரைன்ல மோடம் எல்லாம் செத்துப்போச்சு, அதோட ஜெர்மனில கிட்டத்தட்ட 5,800 காத்தாலைகளை தூரத்துல இருந்து கண்காணிக்கிற வசதியும் போச்சு. ஆலை சுத்துது, கரன்ட் வருது, ஆனா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு அது என்ன பண்ணுதுன்னு தெரியல. இதை ரஷ்யாதான் பண்ணுச்சுன்னு ஐரோப்பிய ஒன்றியம் அதிகாரபூர்வமா சொன்னது மே 10. ரெண்டரை மாசம். அதை நான் குறையா சொல்லல, 27 நாடு சேர்ந்து ஒரு நாட்டு மேல குத்தம் சொல்லணும்னா ஆற அமரத்தான் சொல்லணும். ஆனா மோடத்துக்குள்ள என்ன நடந்துச்சு, எதைத் தேடணும்ங்கறது அந்தக் கடிகாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அமைப்பாவே இதைப் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க, டெக்னிக்கல் ஆளுங்களுக்கு சிசர்ட்ஸ் நெட்வொர்க், முடிவெடுக்கிற அதிகாரிகளுக்கு சைக்ளோன்னு வேற ஒரு நெட்வொர்க். என்னோட சனிக்கிழமைல நான் இந்த ரெண்டு கடிகாரத்தையும் ஒண்ணாக் கட்டிப் போட்டுட்டேன்.

24 மணி நேரம்

ஐரோப்பிய ஒன்றியத்தோட சொந்த அமைப்புகளே எவ்ளோ சிதறிக் கிடக்குன்னு வெளில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ஃபிராங்க்ஃபர்ட்ல மத்திய வங்கி, லக்சம்பர்க்ல நீதிமன்றம், ஆம்ஸ்டர்டாம்ல மருந்து ஏஜென்சி, பார்மால உணவுப் பாதுகாப்பு, ஹெல்சிங்கில ரசாயனம், வார்சால எல்லைக் காவல். சிலது ஆயிரக்கணக்குல ஆளு இருக்கிற அமைப்பு, சிலது ஒரு மாடிக்குள்ள அடங்கிடும். எல்லாம் ஒண்ணோடொண்ணு பின்னிக் கிடக்கு. 2011 மார்ச்ல, உச்சி மாநாட்டுக்கு முன்னாடி ஐரோப்பிய கமிஷன் மேலயே பெரிய தாக்குதல் நடந்துச்சு. இவங்க எல்லாருக்கும் பொதுவா செர்ட்-ஈயுங்கற டீம் அந்த வருஷம் சோதனை முயற்சியா ஆரம்பிச்சு 2012ல நிரந்தரமாச்சு. ஆனாலும் பத்து வருஷம் கழிச்சு, 2022 மார்ச்ல வந்த ஐரோப்பிய தணிக்கை மன்றத்தோட அறிக்கை நேராவே சொல்லிருச்சு: 2018ல இருந்து 2021க்குள்ள பெரிய சம்பவங்கள் பத்து மடங்குக்கு மேல ஏறியிருக்கு, ஆனா அமைப்புகள் நடந்ததை செர்ட்-ஈயுகிட்ட நேரத்துக்குச் சொல்றதில்ல. அதைப் படிச்சப்ப என் சிவப்பு "இல்லை" கண்ணுல வந்து நின்னுச்சு. எனக்கு மட்டும் இருக்கிற வியாதின்னு நினைச்சிருந்தேன்.

அப்புறம் சட்டம் வந்துச்சு. நிஸ்-2ங்கற ஐரோப்பிய சைபர் பாதுகாப்புச் சட்டம் உறுப்பு நாடுகள்ல இருக்கிற அமைப்புகளுக்கு, 2024 ஜனவரி 7ல இருந்து அமலுக்கு வந்த இன்னொரு ஒழுங்குமுறை ஒன்றியத்தோட சொந்த அமைப்புகளுக்கு. ரெண்டுலயும் கணக்கு ஒண்ணுதான். பெரிய சம்பவம்னா 24 மணி நேரத்துல முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்துல விவரம், ஒரு மாசத்துல முழு அறிக்கை. என்கூட வேலை பாக்குறவங்க நிறையப் பேர் இதைத் திட்டுவாங்க. சர்வர் எரிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப ஃபார்ம் நிரப்பச் சொல்றாங்களேன்னு. நானும் மொதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்த முதல் 24 மணி நேர அறிவிப்புல என்ன கேக்குறாங்கன்னு பாருங்க. யாராவது வேணும்னே பண்ணியிருப்பாங்கன்னு சந்தேகப்படுறீங்களா? வேற அமைப்புக்கோ வேற நாட்டுக்கோ பரவலாமா? முக்கியமா இவ்ளோதான் கேள்வி. சந்தேகமான்னுதான் கேக்குறாங்க, நிச்சயமான்னு கேக்கல. அது எனக்கு ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி தெரிஞ்சுது. "எனக்கு இன்னும் தெரியல"ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், சட்டமே அதை ஏத்துக்குது. அந்த சனிக்கிழமை என்கிட்ட இது இருந்திருந்தா மேனேஜர்கிட்ட காட்டியிருப்பேன். நிஸ்-2ல இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. தகவல் சொன்னதுங்கற ஒரே காரணத்துக்காகச் சொன்னவங்க மேல கூடுதல் பொறுப்பு விழாதுன்னு எழுதியிருக்கு. அதே மாதிரி, முன்னெச்சரிக்கை வாங்கின டீம் முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள முதல் பதிலைக் குடுக்கணும்னும் எழுதியிருக்கு. போட்டா கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஆகாம, திரும்ப ஒரு சத்தம் வரணும்னு எழுதின ஆளுக்கு இந்த வேலை தெரிஞ்சிருக்கு.

பாதி விவரத்தை எல்லாம் அனுப்ப ஆரம்பிச்சா குப்பைதானே சேரும்னு கேப்பாங்க. சேரும். வெப்சைட் பேரை ஐபியா மாத்தித் தர்ற கூகுளோட டிஎன்எஸ் முகவரியையே கெட்ட ஐபின்னு போட்டு, அதைப் பிளாக் பண்ணி பாதி ஆபீஸ் நின்னுபோன கதையெல்லாம் இந்தத் துறைல உண்டு. மிஸ்ப்லயே அதுக்காகத் தனியா எச்சரிக்கைப் பட்டியல் வச்சிருக்காங்க. ஆனா பாதியைப் பாதின்னு லேபிள் ஒட்டி அனுப்பினா அது குப்பை இல்ல. அட்மிரல்டி அளவுகோல்னு பழைய உளவுத்துறை முறை ஒண்ணு மிஸ்ப்ல இருக்கு, சொன்னவரை எவ்ளோ நம்பலாம்ங்கறதுக்கு ஏ-ல இருந்து எஃப் வரைக்கும், சொன்ன விஷயத்தை எவ்ளோ நம்பலாம்ங்கறதுக்கு 1-ல இருந்து 6 வரைக்கும். எஃப்6 அப்படின்னா ரெண்டையுமே எடைபோட முடியலன்னு அர்த்தம். போர்க்காலத்துல உளவு பாத்தவங்களே அதுக்கு ஒரு குறியீடு வச்சிருந்திருக்காங்க, அப்ப அந்த மாதிரித் தகவலும் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கணும், அவங்களும் அதைத் தூக்கிப் போடாம வாங்கி வச்சிருக்கணும்.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி சென்னைல இருந்து அதே தம்பி. இப்ப அவன் அங்க டீம் லீட், புதுசா வர்ற பசங்களுக்கு அவன்தான் சொல்லிக் குடுக்குறான். "அண்ணே, இப்பதான் பத்து நிமிஷம் முன்னாடி ஒரு பையன் பாத்தான், என்னன்னே தெரியல, லாகின் சர்வர்ல புது சர்வீஸ் ஒண்ணு ஓடுது"ன்னான். ஹாஷும் பேரும் போட்டு, விசாரணைல இருக்குன்னு எழுதி, எஃப்6 ஒட்டி, பட்டனை அமுக்கினேன். நாப்பது நிமிஷத்துல வடக்குப் பக்கம் ஒரு டீம் அதுக்கு "தப்பு அலர்ட்"னு குறி போட்டு, இது இன்ன பேக்கப் மென்பொருளோட புது வெர்ஷன், எங்களுக்கும் போன வாரம் வந்துச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தாங்க. தம்பிக்கு அதை அனுப்பினேன், அவன் அந்தப் பையனுக்கு அனுப்பினான். அந்தப் பையன் அதுக்கப்புறமும் பத்து நிமிஷத்துல சொல்றானாம், அதைக் கேட்டுட்டுத்தான் எனக்கு மனசு ஆறுச்சு.

அந்தப் போர்ச்சுகல் பொண்ணை நேர்ல பாத்தது அதுக்குச் சில மாசம் கழிச்சு, ஒரு கூட்டத்துல. காபிக்கு வரிசைல எனக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. இத்தனை வருஷமா மனசுல ஒத்திகை பாத்ததெல்லாம் அந்த நேரத்துல ஒண்ணும் வரல. "அந்த எக்ஸ்சேஞ்ச் விஷயம், சனிக்கிழமை பாத்தேன்னு சொன்னேன், ஆனா செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும் நான் பப்ளிஷ் பண்ணவே இல்ல, உங்ககிட்ட அதை அன்னிக்குச் சொல்லியிருக்கணும்"னேன்.

அவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "தெரியும். பப்ளிஷ் ஆன நேரம் ஈவென்ட்லயே இருக்குமே, கால் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே பாத்தேன்"னாங்க. கப்பை எடுத்துக்கிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டாங்க. "உங்க டீம் அனுப்புறதை இப்பவும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இப்பல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுது."